கூடாதக்கா எழுதிய விளக்கம்

அலுவலகத்தில் அவளுக்குக் கூடாதக்கா என்று பெயர். எதை எழுதினாலும் அதில் ஒரு 'கூடாது' இருக்கும். இங்கே வருவதற்கு முன் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை எழுதிக்கொண்டிருந்தவள். யார் சாப்பிடலாம் என்பதைவிட, யார் சாப்பிடக் கூடாது என்பதை முதலில் எழுதிப் பழகிய கை. அந்தத் தாளை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் இங்கே உண்டு என்றதும் வேலை மாறிவிட்டாள்.

அந்த வாசகர் மனிதர் அல்ல. கிரிப்டோ பணம் இருக்கும் வாலட்டை உரிமையாளருக்காக இயக்குகிற ஏஐ ஏஜென்ட். இருப்பைப் பார்க்க ஒரு டூல், அனுப்பினால் பிடிக்கும் கட்டணத்தைக் கணக்கிட ஒரு டூல், பணம் அனுப்ப ஒரு டூல் என்று அதன் முன்னால் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று அது முடிவு செய்யும்.

அனுப்பும் டூலுக்கு அவள் எழுதியது இது: "இது பணத்தை உண்மையாகவே அனுப்பிவிடும். அனுப்பியது திரும்பாது. கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இதைத் தொடக் கூடாது. கட்டண டூலைப் பயன்படுத்தவும். தொகையையும் முகவரியையும் உரிமையாளரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே இயக்கவும்."

மேலாளர் முகம் சுளித்தார். "என்ன கூடாதக்கா, பூச்சிமருந்து டப்பா மாதிரி இருக்கு? படிக்கிறவன் பயந்து ஓடிடுவான்."

"படிக்கிறது ஏஜென்ட் சார். அது ஓடாது. சொன்னதைச் செய்யும்."

அவர் காதில் ஏறவில்லை. அவளைக் கேட்காமலேயே அவள் எழுதிய எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, அதே டூலுக்கு "கட்டணம் அறியுங்கள், பணம் அனுப்புங்கள், எல்லாம் ஒரே நொடியில்!" என்று எழுதிவைத்தார். அவருக்குச் சுவரில் ஒட்டுகிற விளம்பரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஊழியர்களின் வீட்டாரிடம் அந்த ஏஜென்ட்டைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். தங்கச்சி எழுதியதாயிற்றே என்று அவளுடைய சொந்த அக்காவும் சேர்ந்தாள். அக்கா முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். கடைக்கு இரண்டாவது நாற்காலி வாங்கச் சேர்த்த பணம் அவள் வாலட்டில் இருந்தது.

அன்று மாலை எல்லோருக்குமாக வெளியிட இருந்தார்கள். மதியம் அக்காவிடமிருந்து போன்.

"ஏண்டி, உன் ஏஜென்ட்டுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? அனுப்பினா கட்டணம் எவ்வளவு பிடிப்பாங்கன்னுதான் கேட்டேன். மொத்தத்தையும் அனுப்பிட்டேங்குது!"

"எந்த விலாசத்துக்கு?"

"கேக்கறதுக்கு ஏதாவது ஒண்ணு போடணுமேன்னு என் பழைய வாலட்டோடதைப் போட்டேன்."

அந்த வாலட்டைத் திறக்கும் ரகசியச் சாவி பஸ்ஸில் தொலைந்த போனோடு போய்விட்டது. பணம் அங்கே பத்திரமாக இருக்கும். இனி யாராலும் திறக்க முடியாது, அவ்வளவுதான்.

"நீ எழுதினதுன்னு நம்பித்தானேடி சேர்ந்தேன்!"

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, டூலின் விளக்கத்தைத் திறந்து மேலாளர் மாற்றியதைப் பார்த்துவிட்டு, அவர் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உங்க அக்கா கேள்வியைச் சரியா கேக்கல."

"அவ சரியாத்தான் கேட்டா. கட்டணம் அறியலாம்னு அனுப்புற டூலுக்கு எழுதினது யாரு?"

"சரி, அடுத்த தடவை மாத்திக்கலாம். இப்ப கைவச்சா திரும்ப முழுசா சோதிக்கணும்."

"சோதிக்கலாமே. உங்க வாலட்லயே."

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவதற்காக அவர் சொந்த வாலட் மடிக்கணினியில் எப்போதும் திறந்தே இருக்கும். அதைத் தன் பக்கம் திருப்பி, அக்காவின் பழைய முகவரியைப் போட்டு, அக்கா கேட்ட கேள்வியையே தட்டினாள்: "இங்கே எல்லாவற்றையும் அனுப்பினால் கட்டணம் எவ்வளவு?" பிறகு அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"அழுத்துங்க சார்."

அவர் விரல் பொத்தான் வரை போய் நின்றது.

"சும்மா ஒரு கேள்விதானே? பூச்சிமருந்தா என்ன? அழுத்துங்க."

விரல் திரும்பி வந்தது. "காலி வாலட்ல பண்ணிப் பார்க்கலாமே..."

"எங்க அக்காவோடது காலி வாலட் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை. "உங்க பழைய விளக்கத்தையே போடுங்க. வெளியீட்டைத் தள்ளி வைக்கச் சொல்றேன்."

அவள் தன் இடத்துக்கு வந்து, வெட்டியதை ஒரு எழுத்து குறையாமல் திரும்பப் போட்டாள். பிறகு தன் சம்பளம் இருக்கும் வாலட்டைத் திறந்து, அதே முகவரி, அதே கேள்வி. அழுத்தினாள். கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு, பணம் எதையும் அனுப்பவில்லை என்றது ஏஜென்ட்.

அக்காவுக்குப் போன் போட்டாள். "இனி யாருக்கும் அப்படி ஆகாது. சரி பண்ணிட்டேன்."

"என் பணம்?"

"அது வராதுக்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள். தன் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேலாளர் தலையை நீட்டி, "எல்லாம் சரியாயிடுச்சா?" என்றார்.

"இல்ல சார். எங்க அக்காகிட்ட நீங்களே பேசுங்க," என்று எழுந்து போய் போனை அவர் கையில் திணித்தாள். "நம்பர் போட்டாச்சு. மணி அடிக்குது."