அழுதால் சம்மதம்

வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை நான். கல்முனையில் எங்கள் சொந்தக்காரர் பலருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அப்படிப்பட்ட நான் ஒருமுறை ஒரு கல்யாணத்தையே நிறுத்தி வைத்தேன்.

அன்றைக்கு ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, காவின் எழுதும் கல்யாண நாள். மாப்பிள்ளை வெளி விறாந்தையில் இருந்தார். சாட்சிக்கு மாமாமார் இருவரைக் கூட்டிக்கொண்டு வாப்பா அறைக்குள் வந்து சம்மதம் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ராத்தா விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

"பொம்புளப் புள்ள வேற என்ன செய்யும்? அழுதா சம்மதம்தான். வாங்க மச்சான், சோறு ஆறுது" என்றார் பெரிய மாமா.

மூவரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். நான் விழுந்து அழுதிருக்கிறேன், அடி வாங்கி அழுதிருக்கிறேன். பிடித்த ஒன்றுக்காக ஒருநாளும் அழுததில்லை.

"ராத்தாக்கு விருப்பமில்ல!"

உம்மா என் வாயைப் பொத்தினார். பிந்திவிட்டது. விறாந்தையிலும் பேச்சு நின்றுபோனது.

"இவள் வாய் தொறக்க இண்டைக்குத்தானா கிடைச்ச?" பெரிய மாமா தலையில் கை வைத்தார்.

வாப்பா மட்டும் திரும்பி வந்து ராத்தாவின் முன்னால் குந்தினார். "மகள், விருப்பமில்லாட்டி இப்பயே சொல்லுங்க. ஆக்கின சோத்த ஊருக்குக் குடுப்பம். ஒண்டும் குறையா."

ராத்தா முக்காட்டை விலக்கி, கண்ணீரோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஓம் வாப்பா, விருப்பம்தான். அவள ஏசாதீங்க."

வாப்பா விட்ட மூச்சு எனக்கே கேட்டது. மாப்பிள்ளையும் அப்படித்தான் விட்டிருப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கண்டதும், "என்ன மச்சி, ஒங்களுக்கும் சம்மதம்தானே?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் ஓடினேன்.

அவள் அழுததுதான் விளங்கவில்லை. எங்கள் ஊரில் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதே அறை, அதே கிணறு. அழுவதற்கு என்ன இருக்கிறது?

வீடு மூத்த மகளுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சில மாதங்களில் உம்மாவும் வாப்பாவும் சட்டி பானைகளைக் கட்டினார்கள். அடுத்த ஒழுங்கையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வீடு எழும்பியிருந்தது. புது வீட்டுக்குப் போகிற சந்தோசத்தில் என் பாயை நானே சுருட்டித் தூக்கிக்கொண்டேன். வாசற்படியில் நின்ற ராத்தா மறுபடியும் விம்மினாள்.

இந்தமுறை நான் சத்தம் போடவில்லை. அழுதால் சம்மதம்தான் என்று தெரிந்துகொண்டவள் அல்லவா, கையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தேன்.