காயாத டகோட்டா

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்தது. நான் ரிட்டயர் ஆன ஆறாவது மாதம் அதன்மேல் பழைய செய்தித்தாளை விரித்து, பெயின்ட் டப்பாக்களையும் பிரஷ்களையும் பரப்பினேன். அன்றிலிருந்து இவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். "ஏம்புள்ள, இன்னைக்கு ஏதாச்சும் ஃப்ளைட் கெளம்புதா, இல்ல நான் மேசைல உக்காந்து நாலு இட்லி திங்கலாமா?" என்று காலையில் ஒருமுறை கேட்டுவிடுவார். குன்னூர் பக்கத்து வெலிங்டன் பட்டாள ஆபீஸில் முப்பத்து மூன்று வருடம் சிவிலியன் கிளார்க்காக ஃபைல் கட்டியவள், அறுபது வயதில் பிளாஸ்டிக் விமானத்துக்கு வெள்ளி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் கட்டிய மனிதர் வேறு என்னதான் கேட்பார்?

அந்த விமானத்துக்கு டகோட்டா என்று பெயர். ஒரு காலத்தில் பட்டாளத்து ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பறந்த இரட்டை எஞ்சின் விமானம். என்னுடையது இறக்கையை விரித்து அளந்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆன்லைனில் அதைப் பார்த்தது தற்செயல்தான். வாங்கியது தற்செயல் இல்லை. அக்காவுக்கு நான் ஒரு டகோட்டா பாக்கி வைத்திருந்தேன், நாற்பத்தைந்து வருடமாக.

அப்பா குன்னூருக்குக் கீழே ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கர், தேயிலைத் தூளின் பக்குவம் பார்க்கிற வேலை. ஃபேக்டரியை ஒட்டியே எங்கள் குவார்ட்டர்ஸ். வெலிங்டனுக்குப் படிக்க வரும் பட்டாள அதிகாரிகள் ஒரு வருடத்தில் மாற்றலாகிப் போவார்கள். போகும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் போட்டு விற்பார்கள். எங்கள் பக்கத்துப் பாதி வீடுகளில் கட்டில், நாற்காலி எல்லாம் அப்படி வந்தவைதான். அப்பா ஒரு பிரஷர் குக்கர் வாங்கப் போனார். அந்த அதிகாரியின் மனைவி குக்கருக்குக் கொசுறாக ஓர் அட்டைப்பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். உள்ளே இன்னும் ஒட்டாத ஆறு விமானங்கள், விரல் உயரத்துக்குச் சின்னச் சின்ன பெயின்ட் டப்பாக்கள், முனை தேயாத மூன்று பிரஷ். அம்மாவுக்குக் குக்கர், எங்களுக்குக் கொசுறு.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. காலேஜுக்கு அனுப்பவில்லை, மாப்பிள்ளையும் அமையவில்லை. எனக்குப் பதினான்கு. பாகங்களை வெட்டுவதும், உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதும், பசை போட்டு ஒட்டுவதும் என் வேலை. பெயின்ட் மட்டும் அவள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடியின் மேலே தலைமுடி அகலத்துக்குக் கம்பிகள் ஓடும். டேப் ஒட்டாமல், ஸ்கேல் வைக்காமல் வெறும் கையால் இழுப்பாள். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருக்கலாம், அசையக் கூடாது. "மூச்சு உடாத புள்ள, கோடு ஆடுது" என்பாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பிக்கொண்டிருப்பேன். கோடு முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டுச் சிரிப்போம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மத்தியானங்கள் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

டகோட்டாதான் கடைசிப் பெட்டி. அதன் பக்கவாட்டில் வரிசையாக ஜன்னல்கள். உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்னால் அக்கா ஒரு காகிதப் பட்டையை வெட்டி, ஜன்னலுக்கு ஒரு தலையாக வரைந்து உள்ளே ஒட்டினாள். குரங்குக் குல்லாயில் அப்பா, புடவைமேல் ஸ்வெட்டரோடு அம்மா, ரெட்டைச் சடையில் நான், அவள், பக்கத்து லைன் வீட்டு நாய்.

"எந்த ஊருக்குப் போவுதுக்கா?" என்று கேட்டேன்.

"வெயிலடிக்கற ஊருக்கு."

அவள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அடுத்த மாதமே கோயமுத்தூர் மாப்பிள்ளை அமைந்துவிட்டார். ஆவணியில் கல்யாணம்.

ஆவணி என்றால் எங்கள் ஊரில் மழையும், மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் காலம். துவைத்த துணி நான்கு நாள் கொடியில் தொங்கி, நனைந்த வாடையோடு அப்படியே இருக்கும். அக்கா வெள்ளி பெயின்ட் அடித்து, ஜன்னலுக்குக் கீழே நீலக் கோடு இழுத்து, மேலே வார்னிஷ் பூசியது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால். எட்டாம் நாளும் தொட்டால் விரல் ஒட்டியது. "கெடக்கட்டும். காஞ்சப்பறம் யார் கையிலயாச்சும் குடுத்து உடு. நீ மட்டும் தொடாத" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் எல்லோரும் கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் இறங்குவதாக ஏற்பாடு.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவளோடு குத்துவிளக்கு போகிறது, அண்டா போகிறது, ஆறு ஸ்வெட்டர்கூடப் போகிறது. அந்த வெயிலில் ஸ்வெட்டரை வைத்து என்ன செய்வாள் என்று யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த பொருள் மட்டும் இங்கே கிடப்பதா? எங்கள் லைனில் காயாத பொருள் எதுவானாலும் ஃபேக்டரிக்குப் போகும். தேயிலையை உலர்த்தும் டிரையர் பக்கத்தில் ஒரு மேடை உண்டு. பள்ளிக்கூடச் சட்டை, சாக்ஸ், நனைந்த செருப்பு, கைக்குழந்தையின் துணி எல்லாம் அங்கேதான் காயும். மழைக்காலத்தில் எங்கள் வகுப்பே டீத்தூள் வாசனையாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சாயங்காலம் டகோட்டாவைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்துப்போய், நல்ல சூடான இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு இறக்கைகளும் மழையில் நனைந்த காக்கைக்குப்போலக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக் இளகிவிட்டது. போதாததற்கு டிரையரிலிருந்து பறக்கும் தேயிலைப் பஞ்சு முழுவதும் ஈர வார்னிஷில் ஒட்டி, வெள்ளி விமானத்துக்குப் பழுப்பு மயிர் முளைத்திருந்தது. இறக்கையை நிமிர்த்தப் பார்த்தேன், இன்னும் கோணியது. சாக்குக் கட்டுக்குப் பின்னால் அதை ஒளித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஏரோப்ளேன் எங்க புள்ள?" என்று ராத்திரி அக்கா கேட்டாள்.

"ஃபேக்டரில வெச்சிருக்கேன். இன்னும் காயலக்கா."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு, "சரி, காயட்டும்" என்றாள்.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் அவளிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. அப்பா அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. என் பாதியின் கடைசி வரி: டகோட்டா காய்ந்துவிட்டதா? நான் பதில் போட்டேன்: இங்கே மிஸ்ட் விடவில்லை, இன்னும் காயவில்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்டாள். மறுபடி எழுதினேன். வெறும் காயவில்லை என்று மட்டும் எழுதினால் பொய் பல்லிளிக்கும் என்று பயந்து, பக்கத்தை நிரப்ப என்னென்னவோ எழுதினேன். பக்கத்து லைன் நாய் குட்டி போட்டது, கணக்கில் நான் வாங்கிய மார்க், அம்மா குக்கரில் விசில் போட மறந்தது. இரண்டு மாதம் அப்படியே ஓடியது. எந்த ஊரிலாவது ஒரு பெயின்ட் காய இரண்டு மாதம் ஆகுமா? அவள் நம்புகிறாள் என்று நானும் நம்பினேன்.

தலை தீபாவளிக்கு அக்காவும் மாமாவும் வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் அந்தக் கோணல் விமானத்தை எடுத்து ஃபேக்டரி அடுப்பில் போட்டேன். கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லத் தயாராக இருந்தேன். வந்தவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று பெருமூச்சு விட்டேன். கேள்வி இல்லை, அதனால் பதிலும் இல்லை. வீட்டுக் கடிதங்களை அம்மா சொல்லச் சொல்ல அப்பாவே எழுத ஆரம்பித்தார்.

பிறகு நாங்கள் சந்திக்காமல் இல்லை. காதுகுத்து, கிரகப்பிரவேசம், அப்பாவின் காரியம், அம்மாவின் காரியம் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்வோம். "சாப்பிட்டயா, கால்வலி எப்படி இருக்குது" என்பதைத் தாண்டிப் பேச்சு போகாது. என் கூடப் பிறந்தவள் கோயமுத்தூரில் நல்லபடியாக இருக்கிறாள். ஜன்னலோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுத்த என் அக்காவைத்தான் நான் அந்த ஆவணிக்குப் பிறகு பார்க்கவில்லை. அவளுக்காக எனக்கு இத்தனை வயதிலும் ஏக்கமாக இருந்தது. எல்லாம் அந்த இறக்கை கோணியதால் வந்த வினை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அதனால்தான் இந்த டகோட்டா. கை மறந்து போயிருந்தது. முன்பு தேய்க்க மட்டும் தெரிந்தவள் இப்போது பூசவும் வேண்டும். முதல் தடவை புத்தி இல்லாமல் ஆடி மாதத்தில் வார்னிஷ் அடித்தேன். ஈரக் காற்று பட்டதும் விமானம் முழுவதும் பாலாடை படிந்ததுபோல வெளுத்துவிட்டது. "மிஸ்டுக்குள்ள பறக்குதாட்ட இருக்குது, அப்படியே உட்டுடு" என்றார் இவர். எல்லாவற்றையும் தின்னர் போட்டுத் துடைத்தேன். ஃபேக்டரிக்குள் இப்போது தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் போடாமல் விட மாட்டார்கள், விட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். தை பிறக்கக் காத்திருந்து, வெயில் அடிக்கும் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் மட்டும் பெயின்ட் தொட்டேன். ஒரு கை பூச்சு, இரண்டு நாள் உலர்த்தல், நைஸ் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு, மறுபடி பூச்சு. கண்ணாடிக் கம்பிகளுக்கு டேப் ஒட்டித்தான் அடித்தேன், அப்படியும் இரண்டு இடத்தில் பிசிறு. ஜன்னலுக்குள் தலைகள் வரைய எனக்கு வரவில்லை, காலியாக விட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் அதை அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கட்டி, மடியில் ஏந்திக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினேன். கண்டக்டர், "ஏனுங்கம்மா, கேக்குங்களா?" என்றார். "ஏரோப்ளேனுங்க" என்றேன். "அதையே ஓட்டீட்டுப் போயிருக்கலாமுங்களே" என்றார். பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் பெட்டியைப் பிடித்த பிடியில் என் முழங்கை மரத்துப்போனது.

அக்கா தனியாகத்தான் இருந்தாள். மாமா வெளியே போயிருந்தார், மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். பெட்டியைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இறக்கையின் மேல் ஒரு விரலை ஓட்டினாள்.

"வார்னிஷ் எத்தன கோட்டு?"

"மூணுக்கா."

"ரெண்டே போதும். பரவால்ல, நல்லா வந்துருக்குது."

அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. டிரையர் மேடை, கோணிய இறக்கை, சாக்குக் கட்டு, அடுப்பு எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்லி முடித்தேன். நான் முடித்த பிறகு அக்கா விமானத்தை மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் புள்ள. அடுப்புக்கு வெறகு போடறவரு அத எடுத்துட்டு வந்து, இது உங்களுதுங்களான்னு காட்டுனாரு. எடுத்த எடத்துலயே வெச்சுருங்க, பாப்பா கிட்டச் சொல்லாதீங்கன்னு அனுப்புனேன். அதுக்கப்பறம்தான் உன்னக் கேட்டேன், நீ காயலன்னே."

"அப்பறம் எதுக்குக்கா லெட்டர்ல அத்தன தடவ கேட்டே?"

"கேட்டாத்தான நீ எழுதுவே? புது ஊடு, யாரயும் தெரியாது. நாயி குட்டி போட்டது, அம்மா குக்கர்ல விசில் போட மறந்தது, எல்லாத்தையும் நாலு தடவ படிப்பேன்."

"பின்ன ஏன் நிறுத்திட்டே?"

"தீபாவளிக்கு வந்தப்ப நீ எம்மூஞ்சியவே பாக்காம ஒளிஞ்சு திரிஞ்சே. பாவமாப் போச்சு. இனி கேக்க வேண்டாம், நான் கேக்காமயே நீ எழுதுவேன்னு இருந்தேன்."

நான் எழுதவில்லை. கேள்வி நின்றதும் பேனாவை மூடி வைத்தவள் நான். ஒரு பிளாஸ்டிக் இறக்கைக்காக இத்தனை வருடம் அழுதிருக்கிறேன், அவள் அதைப் பொருட்டாகவே நினைக்கவில்லை. என் கடிதத்தை எவ்வளவு நாள் எதிர்பார்த்தாய் என்று கேட்டேன்.

"போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பேன். பெரியவ பொறக்கற வரைக்கும் நின்னேன். அப்பறம் கொழந்த அழுகும், உள்ள போயிருவேன்" என்றாள்.