கிருத்திகையன்று ஏறும் கத்தரிக்காய்

சாப்பாட்டுக் கடைக்குக் காய் வாங்குகிறவர் யாரையும் நம்பக்கூடாது. நம்பி வாங்கிய கத்தரிக்காயில்தான் புழு இருக்கும். இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. சென்னையில் பி.ஏ. வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம், சரக்கு பெருகினால் விலை இறங்கும், தேவை பெருகினால் விலை ஏறும் என்பதுதான். விடுமுறைக்கு மலாயாவிலுள்ள எங்கள் ஊரான சிரம்பான் வந்தேன். வந்த வாரமே அப்பா படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ரயிலடிப் பக்கமிருந்த எங்கள் கடைக்குக் காய் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. விடுமுறை முடிந்தும் திரும்பிப் போக முடியவில்லை. கூடையோடு சந்தைக்குப் போய் வாயடைத்து வீடு திரும்பும் சகோதர சகோதரிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

யார் மேல் மழை

எங்களுக்குக் கீரையும் காயும் கொடுத்தவர் ஆ செங் என்ற சீனர். ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் பாத்தி கட்டிப் பயிர் செய்துவந்தார்; தோட்டத்துத் தமிழரிடம் கொஞ்சம் தமிழும் கற்றிருந்தார். முதல் நாளே கீரை விலை இரட்டிப்பு என்றார். ஏன்? மழையாம், கீரை அழுகிவிட்டதாம். நான் வானத்தைப் பார்த்தேன். மூன்று நாளாகத் துளி மழை இல்லை. எங்கள் கடைப் பின்கட்டில் காயப்போட்ட வடகம் கல்லாகிக் கிடந்தது. நாலு மைல் தள்ளி வேறு வானமா இருக்கிறது என்று கேட்டேன். காற்று, மேகம் என்று பூகோளத்தில் படித்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் என்னை நோனா, அதாவது அம்மணி, என்பார்; தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நோனா மேல மழை இல்லேலா. கீரை மேல மழை."

மலிவான பழம்

ரம்புத்தான் காலம் வந்தது. கூடை கூடையாக வந்து இறங்கியது. விலை கேட்கவே வெட்கமாக இருந்தது. அதே வாரம் வாழைப்பழக்காரர் மட்டும் விலையை ஏற்றினார். பதுக்குகிறார் என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் என்ன, நிச்சயம்! அவருக்குப் பாடம் கற்பிக்க வாழைப்பழத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இலையிலும் நாலு ரம்புத்தான் வைக்கச் சொன்னேன். மலிவாகக் கிடைப்பதை வாங்கு என்பதுதானே சாஸ்திரம்?

எங்கள் சமையல்காரர் முத்தையா அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழத்தை வைத்தார். அன்று சாப்பிட வந்தவர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். அவர்கள் வாசலிலெல்லாம் அதே மரம், அதே பழம். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் ரம்புத்தானை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கடைக்கே கேட்கும்படி சொன்னார்: "எங்க தோட்டத்துக் கோழியே இதைத் திங்க மாட்டேங்குது. இதுக்கு நான் ரயில் ஏறி வரணுமாம்மா?"

வானத்தில் தெரியாத நாள்

இரண்டு மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். மற்ற நாளில் எங்கள் கடையில் ஆட்டுக்கறியும் மீனும் உண்டு. அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் சைவம் மட்டும்; அன்றைக்குக் காய் இரண்டு பங்கு வேண்டும். சொல்லி வைத்தாற்போல் அன்றைக்கே ஆ செங் விலையை ஏற்றினார். அமாவாசையை விட்டுவிடுங்கள். நிலா எல்லோருக்கும் பொது, சீனரும் அதைப் பார்த்துத்தான் நாள் பார்க்கிறார். கிருத்திகை? அதை எந்தச் சீனர் வானத்தில் கண்டுபிடிப்பார்? எங்கள் கடைக்குள்ளிருந்து ஒருவர் போய்ச் சொன்னால்தான் உண்டு.

என்னோடு சந்தைக்கு வந்தவர் முத்தையா அண்ணன் ஒருவர்தான். அவரும் ஆ செங்கும் மலாயில் பேசிச் சிரிப்பார்கள். பத்து வயதிலிருந்து சென்னை விடுதியில் வளர்ந்த எனக்கு மலாயில் எண்கள் மட்டும் தெரியும். ரகசியம் இல்லாமல் என்ன சிரிப்பு? இந்த வாதத்தில் ஓட்டை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தும்படி அப்பாவிடம் சொன்னேன். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆளைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கடையின் பின்னறையில் குடியிருந்தார். வேலை போனால் கூரையும் போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அப்பா கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "சாட்சி கொண்டா, அனுப்பிடறேன். ஆனா அவன்கிட்ட நீயே நேரில சொல்லணும்."

சுவரில் தொங்கிய சாட்சி

மறுநாளே மாட்டுவண்டி பிடித்து ஆ செங் பயிர் செய்யும் இடத்துக்குப் போனேன். மனிதர் பயற்றங்கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். "கிருத்திகை எப்போது என்று உங்களுக்கு யார் சொல்கிறார்கள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக் கழுவிவிட்டுக் குடிசைக்குள் கூட்டிப்போனார்.

சுவரில் ஒரு தமிழ்க் காலண்டர். கிருத்திகைகளுக்குச் சிவப்புக் கோடு. புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்குப் பச்சை வட்டம். தீபாவளிக்கு ஓர் ஆட்டுத்தலை. அன்று காய் விற்காதாம். வருடத் தொடக்கத்தில் ஆட்களை மேய்க்கும் தோட்டத்து மண்டோர் ஒருவர் நாட்களைப் படித்துச் சொல்ல, இவர் படம் போட்டுக்கொள்வாராம். விலை எங்களுக்கு மட்டும் ஏறவில்லை. சிரம்பானில் எல்லாத் தமிழ்க் கடைக்கும் அன்று அதே விலை. அப்படியானால் நீங்களும் முத்தையா அண்ணனும் எதைப் பேசிச் சிரித்தீர்கள் என்று விடாமல் கேட்டேன். ரம்புத்தானைப் பற்றி என்றார். நான் பேச்சை மாற்றுவதற்காகக் காலண்டரின் தலைப்பைப் படித்தேன். எங்கள் கடையின் பெயர்! வருடப் பிறப்புக்கு அப்பா அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது. ஆ செங் அன்போடு கேட்டார்: "உங்க அப்பா, தவுக்கேதான் குடுத்தாரு. உங்க வீட்டில ஒண்ணு மாட்டலையா, நோனா?"

பலகைச் சுவருக்கு அப்பால்

திரும்பி வந்தபோது பின்னறை வாசலில் தகரப் பெட்டி இருந்தது. அப்பாவின் அறைக்கும் பின்னறைக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். நான் முந்தின நாள் பேசியது முழுவதும் கேட்டிருக்கிறது. அண்ணன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்றும் சேர்த்தேன். அதைச் சேர்த்திருக்கக் கூடாது.

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தை. பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அடுப்பில நிக்கிறேன், தங்கச்சி. சந்தைக்கு மட்டும் இனிமே வரமாட்டேன்லா. விலை ஏறினா உன்னையே சந்தேகப்பட்டுக்க."

அடுத்த கிருத்திகைக்கும் கத்தரிக்காய் விலை ஏறியது; அன்று எங்கள் கடையிலிருந்து சந்தைக்குப் போனவள் நான் ஒருத்திதான்.