பைன் பலகையில் கரும்புள்ளி

கந்தப்பளைக்கு அந்தப் பக்கம் உள்ள தேயிலைத் தோட்டத்தில் பெற்றீசியாவின் கேள்விக்குத் தப்பியவர்கள் யாரும் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது மழை ஈரத்துக்கென்று கழிக்கிற கிலோ வெயில் நாளிலும் ஏன் கழிகிறது என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டவள் அவள். பூசை முடிந்த கையோடு, எரிந்துபோன மெழுகுதிரியின் மெழுகு எங்கே போகிறது என்று ஃபாதரை மறித்துக் கேட்டவளும் அவளேதான். பதில் கிடைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

கொழுந்து குறைந்த மாதங்களில் டவுனில் ஜெயகாந்தனின் தளபாடப் பட்டறைக்குப் போய்ப் பலகை தேய்த்துக் கொடுப்பாள். தேய்க்கலாம், துடைக்கலாம், தூக்கி வைக்கலாம். சாயம் மட்டும் தொடக்கூடாது. அது ஜெயகாந்தன் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை. அவளுக்கோ கண் முழுக்க அந்தச் சாயச் சட்டியின் மேல்தான்.

அப்போதுதான் அவளுடைய தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஓர் ஓடர் வந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது சின்னக் குழந்தைகளை விட்டுப் போகிற அந்த இடத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. விளையாட்டுச் சாமான் அடுக்க பைன் பலகையில் ஒரு ராக்கை வேண்டும், அதுவும் மரத்தின் ரேகை தெரிகிற மாதிரி வேண்டும் என்றார்கள். பெற்றீசியாவின் மகள் டிலுக்ஷி அங்கேதான் பகல் முழுக்க இருப்பாள். மூன்று வயதுகூட ஆகாத அந்தப் பிள்ளை எதைக் கண்டாலும் முதலில் நக்கிப் பார்க்கும். தாய் வாயால் விசாரிப்பதை மகள் நாக்கால் விசாரிக்கிறாள் என்று லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள்.

ஜெயகாந்தன் கடைச் சாயத்தைத் துண்டுப் பலகையொன்றில் பூசிப் பார்த்தார். பைன் பொல்லாத மரம். மெத்தென்ற இடத்தில் சாயத்தை மடக்கு மடக்கென்று குடிக்கும், இறுகிய இடத்தில் வாயை மூடிக்கொள்ளும். பலகை தேமல் விழுந்த முதுகு மாதிரி ஆயிற்று.

"அண்ணே, தேத்தண்ணி பூசுனா என்னா?" என்றாள் பெற்றீசியா. "லேசா லேசா நாலஞ்சு தடவ பூசுனா ஒரே மாதிரி ஏறுது. வீட்ல ஒரு துண்டுல செஞ்சு பார்த்தேன். காஞ்ச பெறகு மேல வார்னிஷ் அடிச்சா போதுங்க. புள்ளைங்க வாய வச்சாலும் பயமில்ல."

ஜெயகாந்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, நீயே செய். ஆனா கெடுத்தீன்னா நான் பச்ச பெயின்ட அடிச்சு மூடிருவேன். பெறகு சாயத்து பக்கமே வரக்கூடாது தங்கச்சி."

டஸ்ட் தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்க வைத்து வடித்து, துணியில் தொட்டு முதல் பூச்சைப் பூசினாள். நிறம் பொன்னாக ஏறியது. ஆனால் தண்ணீர் பட்டதும் பலகையின் நார் சிலிர்த்து நின்றது. அதை மழித்துத்தான் அடுத்த பூச்சுப் பூச வேண்டும். பட்டறையில் சாண்ட்பேப்பர் தீர்ந்திருந்தது. அவள் யோசிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை எடுத்து நன்றாக இழைத்துவிட்டு, மறுபடி தேத்தண்ணீரைப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் ராக்கை முழுக்கக் கரும்புள்ளி. மிளகை அள்ளித் தூவியது போல மேலிருந்து கீழ்வரை. தேய்த்தாள், போகவில்லை. ஜெயகாந்தன் வந்து பார்த்தார். பச்சைப் பெயின்ட் டின்னைக் கொண்டுவந்து அவள் கண்ணெதிரே வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். பெற்றீசியாவும் அழுதாள்தான், ஆனால் அழுகைக்கு நடுவிலேயே அந்தப் பழைய நமைச்சல் தொடங்கிவிட்டது. நேற்று வராத கறுப்பு இன்றைக்கு ஏன் வந்தது? கண்ணைத் துடைக்கப் போன கை பாதியில் நின்றது. விரல் நுனிகளில் அதே கறுப்பு. கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஏறிய கறை. செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கிற நாளில் அது இன்னும் கன்னங்கரேலென்று ஏறும். இலைச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்று அவள் கைக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும், மண்டைக்குத்தான் இப்போது எட்டியது. இரும்பு நாரின் தூள் பலகைக்குள் உட்கார்ந்துவிட்டது. தேத்தண்ணீர் அதைக் கறுப்பாக்கிவிட்டது.

சரி, விரல் கறையை என்ன செய்வாள்? மலையில் கொழுந்தெடுக்கிற எல்லோரும் செய்வதைத்தான். கல்யாணமோ பூசையோ என்றால் முதல் நாள் புளிக்கிற தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்து விரலில் தேய்த்துக் கழுவுவாள்.

ஓடிப்போய் கடையில் தேசிக்காய் வாங்கி வந்து, ஒரு பாதியைப் புள்ளியின் மேல் வைத்துத் தேய்த்தாள். புள்ளி மங்கியது, பழுப்பானது, மறைந்தது. கூடவே அந்த இடத்தின் தேயிலை நிறமும் வெளுத்தது. தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்தால் வெளுக்காதா பின்னே? ஆகவே புள்ளி புள்ளியாகத் தேய்த்தால் சரிவராது, பலகை முழுக்கத் தேய்க்க வேண்டும். வீட்டில் ஞாயிறு பூசைக்கென்று வைத்திருந்த தேசிக்காயும் வந்தது. தேய்த்தாள், நல்ல தண்ணீரால் துடைத்தாள், காயவிட்டாள். ஜெயகாந்தன் தானே போய்ப் புது சாண்ட்பேப்பர் வாங்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தார். மறுபடி தேத்தண்ணீர், லேசாக, ஒன்று காய்ந்த பின் ஒன்று. கடைசியில் வார்னிஷ். பெயின்ட் டின் மூடி திறக்காமலே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து நேராகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். வழக்கமாக இப்படி ஒரு நாளில் அவள் விரல் சுத்தமாக இருக்கும். பலகை தேய்த்தபோது வெளுத்த விரல் அடுத்த நாளே கொழுந்தில் மறுபடி கறுத்துவிட்டது, இன்றைக்குக் கழுவத் தேசிக்காய் எல்லாம் ராக்கைக்கே போய்விட்டது. கையைச் சேலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். விழாவுக்கு வந்திருந்த ஜெயகாந்தன் ராக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"வர்ற கெழம ஒரு அலுமாரி இருக்கு. சாயம் நீதான்," என்றார்.

பெற்றீசியா பதில் சொல்வதற்குள், கீழ்த் தட்டுக்கு அடியில் தவழ்ந்துபோன டிலுக்ஷி, "அம்மா!" என்று கூவினாள். தாயின் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு கரும்புள்ளி அங்கே இருந்தது. டிலுக்ஷி ஆச்சரியமாக இந்த முறை நக்கவில்லை. தாயின் கையை முந்தானையிலிருந்து இழுத்து, கறுத்த விரல் நுனியைப் புள்ளியோடு சேர்த்து வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா?" என்றாள்.

ஏன் என்ற அந்தச் சொல்லை மகள் வாயிலிருந்து பெற்றீசியா கேட்பது அதுதான் முதல் தடவை. விழாவுக்கு வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.