தட்டில் வைத்த கை

பாறசாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் இயற்பியல் வாத்தியார். "எலே மக்கா, நிறை வேற, எடை வேற. நிலாவில போய் நிண்ணா உனக்க எடை ஆறில ஒண்ணாயிரும். நிறை அப்பிடியேதான் இருக்கும். இழுக்குத பலமாக்கும் மாறுது" என்று வருஷாவருஷம் கத்தித் தொண்டை வறண்டவன். அந்தப் பாடம் என் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி. மருந்து ஏற்றத் திருவனந்தபுரம் போகும்போதெல்லாம் முதலில் எடை பார்ப்பார்கள். இனியும் குறைந்தால் உடம்பு தாங்காது, மருந்தை நிறுத்த வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவள் ஒரு குப்பித் தண்ணீரை மூச்சுவிடாமல் குடிப்பாள். வாங்கிக் கொடுப்பவன் நான்தான். படித்தவன் செய்கிற வேலையா இது! அப்படியும் எண் இறங்கிக்கொண்டே போனது.

"மெஷினு கொள்ளாது, தப்பாக் காட்டுது," என்றாள்.

எனக்கல்லவா தெரியும். எங்கள் ஊருக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் பூமியின் இழுப்பு மாறிவிடாது. அப்படியானால் குறைவது அவள்தான்.

கதலிப்பழத்தில் துலாபாரம் போடுவதாக அவள் நேர்ந்திருந்தாள். தராசில் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் அவள் எடைக்குப் பழம், பழம் சாமிக்கு.

"சொகமான பொறவு போட்டா போராதா?" என்றேன்.

"அதுவர நான் மிச்சம் இருக்கண்டாமா?" என்று சிரித்தாள்.

சுருக்கென்று கோபம் வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? குன்னத்துகால் சந்தைக்குப் போய்க் கதலிக் குலை வாங்கினேன். நோய்க்கு முந்தின அவள் எடைக்குத்தான் வாங்கினேன். வேறு எண் வாயில் வரவில்லை.

கோயிலில் கூட்டமில்லை. அவள் சம்மணமிட்டு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கோயில்காரர் ஒவ்வொரு குலையாக மறு தட்டில் ஏற்றினார். இன்றைக்குத் தண்ணீர் வித்தை கிடையாது. இரண்டு தட்டையும் பூமி ஒன்றுபோலத்தான் இழுக்கும். இந்தத் தராசை நிலாவில் கொண்டுபோய்த் தூக்கினாலும் இதே கணக்குத்தான்.

இன்னும் ஏற்றாத இரண்டு குலை தரையிலேயே கிடந்தது. அதற்குள் அவள் தட்டு அசைந்தது. கோயில்காரர் கூடுதலாக ஒரு சீப்பு வைத்தார். தட்டு எழும்பவில்லை. இன்னொரு சீப்பு வைத்தார். அப்போதும் எழும்பவில்லை. எனக்குப் போன உயிர் வந்தது. கனம் இருக்கிறதே, என் தாயே!

கோயில்காரர் குனிந்து பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சாறே, கைய எடுக்கணும்," என்றார்.

பார்த்தேன். அவள் தட்டின் விளிம்பை என் கை அழுத்திப் பிடித்திருந்தது. எப்போது வைத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"விடுங்க," என்றாள்.

கையை எடுத்தேன். அவள் மேலே போனாள்.