வெள்ளைக்காரர் விட்டுப்போன நெடி

சிகரெட்டை இனித் தொட்டால் நெஞ்சு தாங்காது என்று மதராஸ் டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அன்றோடு விட்டுவிட்டார். அடுத்த மாதமே, சீமைக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரின் பழைய காரை வாங்கிக்கொண்டு பழவேற்காடு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்ததும் பழைய புகை நெடி குப்பென்று அடித்தது. அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே சிகரெட் பிடித்திருக்கிறார்.

இவரோ தினமும் மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு காருக்குள் தனியே உட்கார்ந்திருப்பார். புதுக் கார் ஆசை என்று நினைத்தேன்.

அந்த நெடியை நான் விடுவேனா? வியாழக்கிழமை வீட்டுக்குப் போடுகிற சாம்பிராணியைக் காருக்குள்ளும் போட்டேன். இரண்டு புகையும் சேர்ந்து இன்னும் மோசமாயிற்று. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயவைத்தேன். அடுப்புக்கரியைத் தட்டில் கொட்டி உள்ளே வைத்தேன். கடைசியில் கூரைத் துணியைச் சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தபோது, டீத்தண்ணீர் போல அழுக்கு வடிந்தது. நெடியும் அதோடு போனது.

அன்று மாலையும் அவர் ஏறி உட்கார்ந்தார். மூச்சை ஆழமாக இழுத்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக இறங்கினார்.

"இப்ப எப்படி கீது, சொல்லுங்க?" என்றேன் பெருமையாக.

"நல்லா கீது," என்றார். "வித்துடலாம்."

விற்றுவிட்டோம். கடைசிவரை அவர் சிகரெட்டைத் தொடவில்லை. அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவும் இல்லை.