படும்

மதியம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது: பெண்களுக்கான அறைகளுக்குள் யார் போகலாம் என்று அரசு புது விதி கொண்டுவரப்போகிறது. கடுதாசியக்கா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, போன வருடக் கடிதத்தைத் திறந்து தேதியை மாற்றத் தொடங்கினார்.

எங்கள் மருந்து கம்பெனியில் ஊழியர்களுக்குப் போகும் கடிதமெல்லாம் அவர் எழுதுவது. பெயரும் அதனால் வந்தது. பக்கத்து மேசை எனக்கு. வெளியே எதற்காவது கூச்சல் கிளம்பினால் உள்ளே இவர் இரண்டு விரல்களால் தட்டும் சத்தம் கேட்கும். மேலதிகாரி போனில் கூப்பிட்டால் எழுந்து நின்று, அவர் எதிரிலேயே இருப்பதுபோலச் சிரிப்பார். மற்ற எல்லோரும் அவருக்குக் 'கண்ணு'. அந்தக் கண்ணுவை நான் நம்புவதில்லை.

அவருடைய வாக்கியங்கள் 'படும்' என்று முடியும். மதிக்கப்படும், பரிசீலிக்கப்படும், கலந்து பேசப்படும். என் தங்கை இறந்தபோது எனக்கு வந்த கடிதத்தில் 'தங்கள் துயரம் பகிர்ந்துகொள்ளப்படுகிறது' என்று இருந்தது. யார் பகிர்ந்துகொண்டார்கள் என்று இன்னும் தெரியாது.

"ஏன்க்கா இப்படியே எழுதுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேர் போட்டா ஆள் மாட்டிக்கும் கண்ணு. படும்னு போட்டா யாரும் மாட்ட மாட்டாங்க." கண் வேறு சிமிட்டினார்.

அன்று முதலில் வந்தது பேக்கிங் பிரிவின் மேற்பார்வைப் பெண். "எங்க ரூமைப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று முறைத்துவிட்டுப் போனார். அடுத்து, அதே பிரிவில் வேலை செய்யும் திருநங்கை, வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய அலமாரி பெண்கள் உடை மாற்றும் அறையில்தான் இருக்கிறது.

"நாளைக்குக் காலைல நான் எந்த ரூம்ல டிரஸ் மாத்தணும்க்கா?"

"உங்க உணர்வுகள் மதிக்கப்படும்னு போட்டிருக்கேன் கண்ணு. கலந்து பேசப்படும்னும்..."

"படும் படும்ங்கறீங்க. படறது நான்தானே?"

அக்கா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எந்த ரூம்னு ஒரு வரி போடுங்க. யார் சொன்னாங்கன்னு ஒரு பேர் போடுங்க. பேர் இல்லாத கடுதாசியைக் காட்டினா கதவுல நிக்கிறவங்க சிரிப்பாங்கக்கா. காலை ஷிப்டுக்கு முன்னாடி வந்தாப் போதும்."

அவர் போனதும் அக்கா கடிதத்திலிருந்த 'படும்'களை ஒவ்வொன்றாக அழித்தார். 'அவரவர் இதுவரை பயன்படுத்திய அறையையே பயன்படுத்தலாம். இதை முடிவு செய்தவர்' என்று அடித்து நிறுத்தினார். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டார். இந்த முறை எழுந்து நிற்கவில்லை.

"சார், கீழ உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?"

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, ரிசீவரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெயரின் முதல் எழுத்தை அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார்.

"நீ கெளம்பு," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு மணி அடித்தபோது அந்தக் கடிதம் அவருடைய திரையிலேயே கிடந்தது. 'முடிவு செய்தவர்' என்பதற்கு அப்புறம் யார் பெயரும் இல்லை.